ஏட்டில் ஏறாத குழாய்

என் அப்பா பெக்கோக் வட்டாரத்துத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பால்மரம் வெட்டியவர். காய்ச்சல் என்றால் சுக்குத் தண்ணீர், முதுகு வலி என்றால் தைலம் என்று காலத்தை ஓட்டியவர். மருத்துவமனை என்றாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் ஒரு நள்ளிரவில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவை எழுப்பினார். மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் போகவில்லை.

பெக்கோக் சிறிய ஊர். இரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் காரில்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்தார். மருத்துவமனையில் அப்பாவின் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் பை நிரம்பியது. “போன உயிரு திரும்பி வந்துச்சு தம்பி” என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

வயதான ஆண்கள் பலருக்கு வரும் புராஸ்டேட் வீக்கம்தான் காரணம். மாத்திரையும் குழாயும் கையுமாக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்று வார்டில் யாரோ வாய்மொழியாகச் சொன்னது அம்மாவுக்கு அரைகுறையாக நினைவிருந்தது. கையில் கொடுத்த தாளில் தேதி இல்லை. ‘ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள்’ என்று காத்திருந்தார்கள். நானும் வெளியூரில் இருந்துகொண்டு, எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பு நடுங்கியது. பேச்சு குழம்பியது. இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி அம்மாவிடம் விசாரித்தாராம். மறுபடியும் கார், மறுபடியும் வார்டு. ஐந்து நாள் ஊசி மருந்துக்குப் பிறகு தெளிந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது டிஸ்சார்ஜ் தாளை அம்மா என் கையில் கொடுத்தார். நோய் என்ற இடத்தில் மூன்றே எழுத்து: யு.டி.ஐ. அதாவது, சிறுநீர்ப் பாதைத் தொற்று. அவ்வளவுதான். ஆறு வாரமாக அவர் உடம்புக்குள் இருந்த குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தத் தாளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. ஏனென்றால் நான் பார்க்கும் வேலையே இந்தத் தாள்களைப் படித்து, அவற்றுக்கு எண் போடுவதுதான்.

கோடிங் என்றால் கணினி மட்டும் அல்ல

மாணவர்களே, ‘கோடிங்’ என்றவுடன் உங்களுக்குக் கணினி நிரல் எழுதுவது நினைவுக்கு வரும். மருத்துவமனையில் அதே சொல்லுக்கு வேறு பொருள். ஒரு நோயாளி வார்டிலிருந்து வீடு திரும்பியதும் அவருடைய கோப்பு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கு வரும். மருத்துவர் எழுதிய நோயின் பெயரைப் படித்து, அதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட எண்ணை இடுவது எங்கள் வேலை. அந்த எண்களின் பட்டியலுக்கு அனைத்துலக நோய் வகைப்பாடு என்று பெயர். சுருக்கமாக ஐ.சி.டி.

எதற்காக எண்? ஒரே நோயை ஒரு மருத்துவர் ‘யு.டி.ஐ.’ என்பார், இன்னொருவர் ‘சிஸ்டைட்டிஸ்’ என்பார், மூன்றாமவர் மலாயில் எழுதுவார். அவர்கள் சொல்வது ஒன்றா வேறா என்று ஓர் ஆண்டின் இலட்சக்கணக்கான கோப்புகளை வைத்துக்கொண்டு எண்ண முடியாது. எண் போட்டுவிட்டால் எண்ணலாம், ஒப்பிடலாம். நம் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஹெல்த் ஃபேக்ட்ஸ்’ ஏட்டில், அரசு மருத்துவமனைகளில் மக்கள் எதற்காக அதிகம் சேர்க்கப்படுகிறார்கள், எதனால் அதிகம் இறக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். அது ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பைக் கொண்டு வகைப்படுத்தப்பட்டது. யாரோ ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்புக்கும் எண் போட்டதால்தான் அந்தப் பட்டியல் உருவாகிறது.

இந்த எண்ணம் பழையது. இலண்டனில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் என்ற வணிகர் 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். தாதியர் பணியின் முன்னோடி என்று நாம் படிக்கும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி புள்ளிவிவரம் எழுத வேண்டும் என்று 1860இல் இலண்டனில் நடந்த அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில் வலியுறுத்தினார். 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் தயாரித்த இறப்புக் காரணப் பட்டியல் சிக்காகோவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றைய ஐ.சி.டி.யின் வேர் அதுதான். 1948இல் ஆறாம் பதிப்பிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதுவரை இறப்புக்கு மட்டும் இருந்த பட்டியலில், உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் அப்போது சேர்ந்தன. பத்தாம் பதிப்பு 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி 1இல் நடப்புக்கு வந்தது.

ஒரு குழாய், எத்தனை எண்கள்

அப்பாவுக்குப் போட்ட குழாய்க்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். 1930களில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி வடிவமைத்த முறை அது. குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கும். குழாய் உள்ளே போனதும் அதில் சுமார் 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஏற்றுவார்கள். பலூன் உப்பிக்கொள்வதால் குழாய் நழுவி வெளியே வராது. குழாயின் பருமனுக்கு அளவு, பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்தது. அந்த அளவில் ஒன்று என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 16ஆம் எண் குழாய் என்றால் விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

பெரும்பாலான குழாய்கள் லேட்டக்ஸ் என்னும் ரப்பர் பாலில் செய்யப்படுகின்றன. உலகில் கதீட்டர் தயாரிப்பில் முன்னணியில் இருக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. முப்பது ஆண்டு காலம் விடியற்காலையில் பால் எடுத்தவருக்குக் கடைசியில் அந்தப் பாலே குழாயாகி வந்து சேர்ந்தது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரே குழாய்தான். ஆனால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும்.

குழாயுடன் தொடர்பில்லாத சாதாரணச் சிறுநீர்த் தொற்று என்றால் என்39.0. குழாயால் வந்த தொற்று என்றால் டி83.5. அதே குழாய் அடைத்துக்கொண்டாலோ, இடம் மாறினாலோ, கசிந்தாலோ அது தொற்று அல்ல, கருவிக் கோளாறு. அதற்கு டி83.0. ஒரு கோளாறும் இல்லை, குழாயைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டும் வந்தார் என்றால் இசட்46.6. தொற்றை உண்டாக்கிய கிருமி இ-கோலி என்று ஆய்வுக்கூடம் சொன்னால், பி96.2 என்ற துணை எண்ணும் சேரும். முதலில் சிறுநீர் நின்றுபோனதற்கு ஆர்33, அதற்குக் காரணமான புராஸ்டேட் வீக்கத்துக்கு என்40. எண்களை வரிசையாகப் படித்தாலே அப்பாவின் கதை முழுவதும் தெரியும்.

அமெரிக்காவில் இதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். 2015 அக்டோபரில் நடப்புக்கு வந்த அவர்களுடைய தனிப் பதிப்பில் ஏறக்குறைய 70,000 எண்கள். குழாய்வழித் தொற்றுக்கு மட்டும் பல எண்கள் உண்டு. டி83.510 என்றால் அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீர்ப்பைக்குள் வைத்த குழாய். 511 என்றால் சிறுநீர் வரும் வழியாகவே போட்ட குழாய். 512 என்றால் முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்துக்கே போட்ட குழாய். அதற்கு அடுத்து ஓர் எழுத்து வேண்டும். இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்றால் ஏ, குணமாகி வரும் கட்டம் என்றால் டி, பின்விளைவு என்றால் எஸ். ஆக, டி83.511ஏ என்ற எண்ணைச் சென்னையில் பார்த்தாலும் சிக்காகோவில் பார்த்தாலும் பொருள் ஒன்றுதான்: சிறுநீர் வழியாகப் போட்ட நிலைக்குழாயால் தொற்று வந்திருக்கிறது, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

என் மேசையின் விதி

இவ்வளவு எண்கள் இருந்தும் அப்பாவின் தாளுக்கு என்ன எண் போகும்? என்39.0தான். நானே எண் போட்டிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

காரணம் எங்கள் தொழிலின் முதல் விதி. மருத்துவர் எழுதாததை நாங்கள் ஊகிக்கக் கூடாது. குழாய் இருந்தது, தொற்றும் வந்தது. ஆனால் குழாயால்தான் தொற்று வந்தது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. எண் போடுபவர் தன் விருப்பத்துக்கு நோயை இணைக்கத் தொடங்கினால் பதிவேடு முழுவதும் கற்பனையாகிவிடும். இந்த விதி சரியானது. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே விதிக்கு இன்னொரு பாதியும் உண்டு. சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்பதிலும் முறை இருக்கிறது. “இது குழாயால் வந்த தொற்றுதானே டாக்டர்?” என்று பதிலை வாயில் வைத்துக் கேட்கக் கூடாது. “இந்த நோயாளிக்கு 40 நாளுக்கு மேல் குழாய் இருந்ததாகத் தாதியர் குறிப்பு சொல்கிறது. தொற்றின் காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா? குழாய் தொடர்பானது, தொடர்பில்லாதது, முடிவு செய்ய இயலவில்லை” என்று கேட்டு, மூன்று வழியையும் திறந்து வைக்க வேண்டும். அவர் எழுதும் பதில்தான் கோப்பில் சேரும்.

முதல் பாதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தேன். இரண்டாம் பாதியை, கோப்புகள் குவியும் நாள்களில், பல முறை தாண்டிப் போயிருக்கிறேன். யு.டி.ஐ. என்று பார்த்ததும் விரல் தானாக என்39.0ஐத் தட்டும். அந்தக் கோப்புகளில் எத்தனை பேருக்குக் குழாய் இருந்தது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

எண் குறைந்தால் நோய் குறைந்ததாகுமா?

‘சிகிச்சை ஒன்றுதானே, எண் எதுவாக இருந்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவுக்கு எந்த எண் போட்டாலும் அதே ஊசிதான். உண்மை. வித்தியாசம் அடுத்த நோயாளிக்கு.

மருத்துவமனையில் ஏற்படும் சிறுநீர்த் தொற்றுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 குழாய் தொடர்பானவை என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் தடுக்கும் வழியும் எளிமையானது: தேவையில்லாமல் குழாய் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. ஆனால் ஒரு வார்டில் இப்படிப்பட்ட தொற்று எத்தனை என்ற கணக்கே இல்லையென்றால், அங்கே பிரச்சினை இருப்பதே யாருக்கும் தெரியாது. தாதியருக்குப் பயிற்சி கொடுக்கவோ, குழாய் எடுக்க நினைவூட்டும் முறை கொண்டுவரவோ யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

இதை அமெரிக்கா பெரிய அளவில் கற்றுக்கொண்டது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்புறுதித் திட்டமான மெடிகேர், 2008 அக்டோபர் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு குழாயால் தொற்று வந்தால், அதற்கான கூடுதல் செலவை இனிக் கொடுக்க மாட்டோம் என்றது. பணம் போகும் என்றால் மருத்துவமனைகள் கவனமாக இருக்கும் என்பது எண்ணம். யாருக்குப் பணம் குறைப்பது என்பதை மருத்துவமனை அனுப்பும் நோய் எண்களைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

என்ன நடந்தது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெனிபர் மெடிங்ஸ் குழுவினர், அந்த மாநிலத்தின் 96 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். 2009இல் 7 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள். அவற்றில் குழாய்த் தொற்றுக்காகப் பணம் குறைக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? 25. ஆயிரத்தில் அல்ல, மொத்தமே 25. குழாய்த் தொற்று அவ்வளவு அரிதா? இல்லை. பெரும்பாலான கோப்புகளில் தொற்று என்ற எண் இருந்தது, குழாய் என்ற எண் இல்லை. அப்பாவின் தாளில் நடந்ததுதான் ஒரு மாநிலம் முழுவதும் நடந்திருக்கிறது.

எண் இல்லாமல் போவது ஒரு பக்கம். இல்லாத குழாய்க்கு எண் போடுவது இன்னொரு பக்கம். நோய்க்கு எண் இருப்பதுபோல் பொருளுக்கும் அமெரிக்காவில் எண் உண்டு. அவ்வப்போது போட்டு எடுக்கும் குழாய் வகை ஒன்றுக்கு ஏ4353. 2023இல் மெடிகேர் கணக்கில் 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குச் சிறுநீர்க் குழாய் அனுப்பியதாகக் கட்டணம் கேட்கப்பட்டிருந்தது. முந்திய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சுமார் 50 ஆயிரம்தான். பலருக்குக் குழாய் தேவையும் இல்லை, வந்து சேரவும் இல்லை. தங்கள் கணக்கைப் பார்த்த முதியவர்களும், எண்களின் திடீர் ஏற்றத்தைக் கவனித்த மருத்துவர் அமைப்புகளும் குரல் எழுப்பியதால் 2024 தொடக்கத்தில் விவகாரம் வெளியே வந்தது. 2025 சூனில் அமெரிக்க நீதித்துறை இன்னும் பெரிய வழக்கை அறிவித்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் அடையாளங்களைத் திருடி, 1,060 கோடி டாலருக்குக் குழாய்க் கட்டணம் கேட்டதாக ஒரு பன்னாட்டுக் கும்பல் மீது குற்றம் சாட்டப்பட்டது. மோசடி எண்களால் நடந்தது. அது பிடிபட்டதும் எண்களால்தான்.

நம் நாட்டுக்கு இது தொலைவான கதை அல்ல. ஒரே வகை நோய்க்கு ஆகும் செலவை எண்களின்படி குழுவாக்கிக் கணக்கிடும் ‘கேஸ்மிக்ஸ்’ முறையை யு.கே.எம். மருத்துவமனை 2002இலேயே தொடங்கியது. தனியார் மருத்துவமனைக் கட்டணங்களையும் இத்தகைய முறைக்குக் கொண்டுவரும் எண்ணத்தை அரசாங்கம் வெளியிட்டிருக்கிறது. அந்த நாள் வந்தால், எண்ணைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் நமக்கு அதிகம் தேவைப்படுவார்கள்.

இந்த வேலைக்கு யார் வரலாம்?

தமிழர்களுக்கு இந்தத் துறை புதிதல்ல. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளைப் படித்து எண் போடுகிறார்கள். உயிரியல், தாதிமை, மருந்தியல், இயன்மருத்துவம் படித்த பட்டதாரிகள் அவர்களில் அதிகம். அமெரிக்கக் கோடர் சங்கம் நடத்தும் சி.பி.சி. தேர்வை எழுதித் தகுதி பெறுகிறார்கள். நான்கு மணி நேரம், நூறு கேள்விகள். எண் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கு அங்கே தனிப் பலன் இல்லை. ஒரு மருத்துவக் குறிப்பைப் பொறுமையாகப் படித்து, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்துப் பார்ப்பவருக்கே மதிப்பெண்.

எஸ்.பி.எம். முடித்து, அடுத்து என்ன என்று யோசிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இது. உயிரியல் பிடிக்கும், ஆனால் இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பவர்களுக்கும் மருத்துவமனையில் இடம் இருக்கிறது. சுகாதார நிர்வாகம், தகவல் மேலாண்மை, தாதிமை ஆகியவை வழியாக இதற்குள் வரலாம். உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் வேறு, சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலிப்பு. ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால் எண்ணும் மாறிவிடும். மலாயும் ஆங்கிலமும் கலந்த கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். மருத்துவரிடம் தயங்காமல் கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும்.

கணினியே எண் போடும் காலம் வருகிறதே என்று கேட்பார்கள். வரத்தான் செய்கிறது. எழுதியிருப்பதற்கு எண் போடுவதில் கணினி என்னைவிட வேகமானது. ஆனால் அப்பாவின் தாளை அதனிடம் கொடுத்தால், அதுவும் என்39.0 என்றுதான் சொல்லும். எழுதாமல் விட்டது எது என்று சந்தேகப்பட்டு, நாலு பக்கம் பின்னால் புரட்டி, மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்பது இப்போதைக்கு மனிதர் செய்ய வேண்டிய வேலை.

செக்ரோலில் பெயர்

அடுத்த முறை அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நானும் உள்ளே போனேன். என் தொழிலைச் சொல்லவில்லை. “டாக்டர், அந்தக் காய்ச்சல் எதனால் வந்ததுன்னு தாள்ல இல்லை. தெரிஞ்சா நாங்க கவனமா இருப்போம்” என்று மட்டும் கேட்டேன். இளம் மருத்துவர். கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். தாதியர் குறிப்பில் குழாய் போட்ட தேதி இருந்தது. விரல்விட்டு எண்ணினார். முகம் மாறியது. “இது முன்னாடியே எடுத்திருக்க வேண்டியது, அங்கிள்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, குழாய் தொடர்பான தொற்று என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். புதிய தேதி ஒன்றையும் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதியில் குழாயை எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்திருந்தது. அப்பா தானாகச் சிறுநீர் கழித்தார். அன்று மாலை வீட்டில் அம்மா பாயாசம் வைத்தார்.

திரும்பி வரும்போது காரில் அப்பாவிடம் அந்த ஒரு வரியின் கதையை விளக்கினேன். நோய்க்கு எண், குழாய்க்கு எண், எழுதாவிட்டால் எண் இல்லை என்றெல்லாம் சொன்னேன். “இதுக்கும் நம்பரா?” என்று சிரித்தார். கொஞ்சம் நேரம் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “அந்தக் காலத்துல காலைல பெரட்டுக் களத்துல கிராணி பேரு கூப்பிடுவாரு. செக்ரோல்ல பேரு ஏறலன்னா, நாள் முழுக்க வெட்டினாலும் நீ வேலைக்கு வந்ததாவே கணக்கு இல்ல. அது மாதிரிதானே?”

அது மாதிரிதான். பாடப் புத்தகத்தில் பல பக்கங்களில் நான் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது என் மேசைக்கு யு.டி.ஐ. என்று ஒரு தாள் வந்தால், எண்ணைத் தட்டுவதற்கு முன் தாதியர் குறிப்பைத் திறக்கிறேன். குழாய் இருந்ததா, எப்போது போட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்று பார்க்கிறேன். இருந்தால் மருத்துவருக்கு ஒரு கேள்வித் தாள் போகிறது. ஒரு கோப்புக்குச் சில நிமிடம் கூடுதலாகிறது. மேலாளர் கேட்டால் காரணம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ குழாயுடன் திரும்பி வரலாம். அன்றே ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள். குழாய் போட்ட தேதி என்ன? எதற்காகப் போட்டார்கள்? என்ன வகைக் குழாய்? எப்போது எடுக்க அல்லது மாற்ற வேண்டும்? சாதாரண லேட்டக்ஸ் குழாய்க்குச் சில வாரம்தான் ஆயுள். முழுக்கச் சிலிக்கோனில் ஆன குழாய் 12 வாரம் வரை தாங்கும். உங்கள் தாத்தாவுக்கு எது, எத்தனை நாள் என்பதை வார்டிலிருந்து கிளம்பும் முன் தாதியிடமே கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். குழாயைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ குழப்பமான பேச்சோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், “குழாய் இருக்கிறது, இத்தனை நாளாகிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பெக்கோக்கில் எங்கள் வீட்டு நாள்காட்டியில் குழாய் எடுத்த அந்தத் தேதியை அப்பா சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். மாதம் கடந்தும் அந்தத் தாளைக் கிழிக்க அவர் விடவில்லை.